தணிக்கைக் குறிப்பு 17

"தரைத்தளம், அறை எண் பதினொன்று.
தூண் ஒன்று. எதையும் தாங்கவில்லை.
செலவு ரூபாய் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
விளக்கம் தேவை."

விளக்கம் எழுதவேண்டியவன் நான்,
கட்டுமானப் பிரிவின் இளநிலை வரைவாளன்.
வரைபடத்தில் அந்தச் சின்னச் சதுரத்தைப்
பென்சிலால் முதலில் போட்டவனும் நானே.

எழுபத்திமூன்றில் இங்கே
நாகமலையும் கள்ளியும்தான்.
சென்னையிலிருந்து வந்த கட்டடக்கலைஞர்
காரைவிட்டு இறங்காமலே
அமிலப்புகைக் குழாய்களை மேற்கில் வைத்தார்.
ஆடி பிறந்தது. கம்பம் கணவாய்க் காற்று
அவர் கையிலிருந்த படத்தைப் பிடுங்கிப்
புளியமரத்தில் மாட்டியது.
வேதியியல் துறை கிழக்குக் கோடிக்குப் போனது
அப்படித்தான்.
அடுத்த வருஷம் சிமெண்ட் இல்லை.
பர்மிட் வந்த அன்று மழை.
மூன்றாம் மாடி
கோப்புக்குள்ளேயே கட்டி முடிந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் அப்போது வகுப்புகள்.
இயற்பியல் டாக்டர் இருதயமேரி
எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரோடு என்னைக் கூப்பிட்டார்.
தரையில் வைத்தார். பாருங்கள் என்றார்.
மணி அடித்தது. பையன்கள் ஓடினார்கள்.
தண்ணீரில் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
"என் கருவி இதைவிட ஆயிரம் மடங்கு பயந்தாங்கொள்ளி.
பாறையிலிருந்து ஒரு தூண் வேண்டும்.
உங்கள் கட்டடம் அதைத் தொடக் கூடாது."

ஒச்சப்பன் பதினாறு அடி தோண்டினார்.
கடப்பாரை பாறையில் தெறித்தது.
"மேல என்ன சார் வருது?"
ஒன்றும் வராது.
"அப்ப சாமியா?"
இல்லை.
"ஆமா, சாமிக்கு மேளம் வேணுமே,
இதுக்கு அதுவும் ஆகாதுங்குறீக."

சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளி.
ஒரு சல்லி விழுந்து சிக்கினாலும் எல்லாம் வீண்.
பூச்சு வேலை நடந்த நாலு மாசமும்
சாயங்காலம் கூலி வாங்குமுன்
வெள்ளத்தாய் குப்புறப் படுத்து
வளைத்த கம்பியால் அந்தச் சந்தைத் துழாவுவாள்.
அவள் எடுத்துப்போட்ட சிமெண்ட் துணுக்குகள்
ஒரு பாண்டுச் சட்டி இருக்கும்.
அதற்குத் தனிக்கூலி எழுத
பதிவேட்டில் பத்தி இல்லை.

கருவி வரவில்லை.
இறக்குமதி உரிமம் டில்லியில் ஒருமுறை தொலைந்தது,
கிடைத்தபோது விலை மூன்று மடங்கு.
டாக்டர் ஓய்வுபெற்ற அன்று
தூணின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றார்.
நான் கதவுக்கு வெளியே நின்றேன்,
நடக்காமல்.

நான் எழுதிய பதில்:
"தூண் கட்டடத்தைச் சேர்ந்ததல்ல."
திரும்பி வந்தது:
"எனில் கட்டடக் கணக்கில் எப்படி?"

குறிப்பு 17 நிலுவையில் இருக்கிறது.
நானும் அடுத்த ஆனியில் ஓய்வு.
நேற்று அறை பதினொன்றுக்குப் போனேன்.
உதவியாளர் மொக்கைச்சாமி
பிளாஸ்கையும் டம்ளரையும் அதன்மேல்தான் வைத்திருக்கிறார்.
மணி அடித்தது.
மாடிப்படியில் முந்நூறு கால்கள்,
சன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.
குனிந்து பார்த்தேன்.
டீயின்மேல் படிந்த ஆடை
ஒரு சுருக்கம் விழவில்லை.

"ஆறிப்போச்சு சார்," என்றார் மொக்கைச்சாமி,
"வேற ஊத்தவா?"