ஆறு வருஷம்

சிப்காட்டில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்த ராத்திரி
மஞ்சக்குப்பம் வீட்டில் நோட்டைப் பிரித்தேன்.
வைப்புநிதி, பணிக்கொடை,
தானே புயலுக்குப் பின் நட்ட
அரைக் காணி முந்திரி.

காப்பீட்டுப் படிவம் கேட்டது:
ஏற்கெனவே உள்ள நோய்?
இருபத்தாறு வருஷக் காற்றை
எழுதக் கட்டம் இல்லை.
சர்க்கரை என்று போட்டேன்.

உயிலில் வீடு அஞ்சலாட்சிக்கு.
சாட்சி, மாடிவீட்டு தாவூதும் அவர் மச்சானும்.
எனக்கு எழுபத்தெட்டு வரை கணக்கு,
அவளுக்கு அதற்கு மேல் ஆறு வருஷம்.

அவள் இழுத்துப் பார்த்தாள்,
விரல் வைத்து, வரி வரியாக.
"வட்டியெல்லாம் சரிதான்.
ஒத்த ஆளுக்கு எவ்ளோ அரிசி போடணும்,
அத எழுதலியே?"

பேனாவை மூடினேன்.
கெடிலத்துப் பக்கமிருந்து கொசு கிளம்பிவிட்டது.
வலை கட்டினோம்,
ஆளுக்கு இரண்டு மூலை.