நலமுரண்

பதினோரு வருடமாகக்
கலைக்களஞ்சியத்தில் என் பெயர் நீர்க்கோழி.
தவளைகள், தடுப்பணைகள், ஒழிந்துபோன பஸ் ரூட்டுகள்
எழுதியிருக்கிறேன்.
அடைமொழி கண்டால் கை தானாக அழிக்கும்.

நேற்று வரிசையில் வந்து நின்றது:
'அருளப்பன், வாலிபால் வீரர், கொழிஞ்சாம்பாறை.'
எழுதியவர் அன்றைக்குத்தான் பிறந்த பயனர், பெயர் ஸ்மாஷ்ராஜா.
'ஈடு இணையற்ற' – வெட்டினேன்.
'எல்லையின் சிங்கம்' – வெட்டினேன்.
'பண்பாளர், சிறந்த குடும்பத் தலைவர்' –
விதிக்காகத்தான் வெட்டுகிறேனா என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.
அப்புறம் வெட்டினேன்.

நீக்கல் உரையாடல் சூடாக நடக்கிறது.
சான்று போதாது என்கிறார் திருச்சிக்காரர்.
மில் ஆட்டமெல்லாம் கணக்கில் வராது
என்கிறார் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்.
அவர்களுக்குத் தெரியாது,
பாலக்காட்டு அணிப் பட்டியலில் அவன் யோஹன்னான்,
கோவை மில் அணியில் அருளப்பன்.
வேலந்தாவளம் செக்போஸ்ட் வந்தால்
லாரியைப் போல அவனும்
சீட்டு மாற்றிக்கொண்டு போவான்.
இரண்டு பேருக்கும் பாதிப் பாதிப் புகழ்,
ஒருவனுக்கும் ஒரு கட்டுரைக்குக் காணாது.

எனக்குத் தெரியும்.
எப்படித் தெரியும் என்பதுதான் வழக்கு.

கட்டுரைப் பொருளோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?
உண்டு. 1998 முதல் 2009 வரை.
சான்று: குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு, பாலக்காடு.
(முதல்நிலைச் சான்று. ஏற்கப்படாது.)
வைக்கலாம் என்றால் பாசம் என்பார்கள்,
நீக்கலாம் என்றால் பழி.
நடுநிலை என்று போட்டால்
எனக்கே சிரிப்பு வரும்.

பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில்
ஒரு நாளிதழ்த் துண்டு இருக்கிறது.
ராத்திரி ஆட்டம், டியூப்லைட், தூறல்,
வலைக்கு மேலே இடுப்பு வரை அவன்.
கீழே அச்சில்: யோஹன்னான் என்கிற அருளப்பன்.
இரண்டு பெயரும் ஒரே வரியில்
வேறெங்கும் கிடையாது.
வீடு மாறும்போது இதை ஏன் எடுத்து வந்தேன் என்று
எந்தப் படிவமும் கேட்கவில்லை.

பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்:
'பக்கம் ஏழு, நான்காம் பத்தி, நகல் இணைப்பில்.
எனக்கு நலமுரண் உண்டு.
கட்டுரையை இனித் தொடமாட்டேன்.
வாக்கும் இல்லை.'
கையெழுத்து: நீர்க்கோழி.
பால் சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது, போனேன்.

திரும்பி வந்து பார்த்தால்
யாரோ படத்துக்கு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள்:
'முன்வரிசையில், குடையை மடக்கிப் பிடித்தபடி
நனைந்துகொண்டு ஒரு பெண்.'
பக்கத்தில், சிறிய எழுத்தில்,
எல்லாக் கட்டுரையிலும் நாங்கள் ஒட்டும்
அதே கேள்வி:
யார்?