மூன்றாவது வரிசை

வடகிழக்குச் சரிவில் ஓட்டுக்கு ஒரு கல்.
மறுசரிவில் மூன்றுக்கு ஒன்று போதும்.
விபாவா பள்ளத்தாக்கில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.
நான்தான் போன வருடம்
முதுகு வலிக்கிறதென்று பாதியில் இறங்கிவிட்டேன்.

பிப்ரவரியில் புர்யா வந்தது.
நாற்பத்திரண்டு ஓடுகள்.
அதில் பத்தொன்பது ரதிவோயின் திராட்சைத் தோட்டத்தில்.
என்னிடமிருந்து அவனுக்குத்தான் போகும்,
அவனிடமிருந்து எனக்கு ஒன்றும் வராது.
இங்கே காற்று ஒருவழிப் பாதை.

பேச்சு நின்று பதினோரு வருடம்.
ஒரு தண்ணீர்க் குழாய்
எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதில் ஆரம்பித்தது.
(குழாய் துருப்பிடித்து அடுத்த வருடமே போய்விட்டது.)
இருந்தாலும் காற்று ஓய்ந்த மறுநாள்
நடுச்சுவரின் மேல்
உடையாத ஓடுகள் ஏழு, ஒன்றன்மேல் ஒன்று.
உடைந்தவை ஒரு தகர வாளியில்.
வாளி அவனுடையது.
இன்னும் என் கொட்டகையில் கிடக்கிறது.

காப்பீட்டு அலுவலகத்துப் பையன்
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்:
காற்று கூரையைத் தள்ளுவதில்லை, அம்மா.
மேலே வழுக்கிக்கொண்டு ஓடும், ஓடுகிறபோது உறிஞ்சும்.
பரணில் அடைபட்ட காற்று
கீழிருந்து தோள் கொடுக்கும்.
உங்கள் ஓட்டைப் பிடுங்கியதில்
பாதி வேலை உள்ளே இருந்ததுதான்.
அதற்கு ஒரு படிவம் வைத்திருந்தான்.
கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபரில் ஏறினேன்.
ஓர வரிசைக்குச் செப்புக் கம்பி,
முகட்டுக்குச் சுண்ணாம்பு,
மற்றதெல்லாம் கல்.
உருண்டைக் கல் ஆகாது, உருளும்.
தட்டையாக, ரொட்டி அளவில்,
ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு முணுமுணுக்க வேண்டும்.
ஏணியில் தடவைக்கு இரண்டு.
நாள் ஒன்றுக்கு முப்பது.

ஆறாம் நாள் முகட்டில் நிமிர்ந்தபோது
அவன் கூரை முழுதாகத் தெரிந்தது.
வடகிழக்குச் சுவரில் இங்கே யாரும் ஜன்னல் வைப்பதில்லை.
என் சமையலறை ஜன்னலுக்கு
பதினோரு வருடமாக அவனுடைய குருட்டுச் சுவர்தான் காட்சி.
அந்தச் சுவருக்கு மேலே,
இறவாணத்திலிருந்து மூன்றாவது வரிசையில்,
ஒரு கல் இல்லை.
ஓடு ஒரு விரல் அளவு நழுவி
வாயைத் திறந்துகொண்டிருந்தது.

அவனுக்குத் தெரிய வழியில்லை.
அந்தப் பக்கத்தைப் பார்க்கிற இடம்
என் வீடு ஒன்றுதான்.

சொல்லவில்லை.
அன்றைக்கும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை.
உருளைக்கிழங்கு வெட்டும்போது பார்ப்பேன்.
இரவில் விளக்கணைத்த பிறகும் அது எங்கே என்று
கண்ணுக்குத் தெரியும்.

நவம்பர் பதினாலு,
நானோஸ் மலைமேல் வெள்ளைத் தொப்பி.
வானொலியில், நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்திவிட்டார்களாம்,
நள்ளிரவுக்கு மேல் நூற்றி எழுபது.
கோழிகளை அடைத்தேன்.
பூந்தொட்டிகளை உள்ளே இழுத்தேன்.
கொட்டகையில் வாளி தானாக ஒருமுறை கணகணத்தது.

வாளிக்குள் ஒரு கல் போட்டேன்,
தட்டையாக, ரொட்டி அளவில்.
நடுச்சுவரில் வைத்து
இன்னொரு கல்லால் தகரத்தைத் தட்டினேன்,
பள்ளிக்கூட மணி மாதிரி,
வெட்கமில்லாமல்.

வந்தான். நரைத்திருந்தான்.
சுவர்தான் அவ்வளவு உயரமோ,
அவன்தான் குள்ளமாகிவிட்டானோ.

"மூன்றாவது வரிசை," என்றேன்,
"கிழக்கு ஓரத்திலிருந்து நாலாவது."

கல்லைக் கையில் எடுத்து எடை பார்த்தான்.
"எத்தனை நாளாக?"
"ஆறு வாரம்."
என்னைப் பார்த்தான்.
திட்டுவான் என்று நின்றேன்.
ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றான்.

இருட்டுவதற்குள் முடிந்தது.
அவன் காலணியிலிருந்து என் முடியில் பாசி உதிர்ந்தது.
வேறு ஒன்றும் பேசவில்லை.

நள்ளிரவுக்கு மேல் வந்தது, சொன்னபடி.
கைமரங்கள் முனகின.
பரண் கதவு மூச்சை இழுத்து இழுத்து விட்டது.
விடியும்வரை காது கொடுத்துக் கிடந்தேன்,
என் கூரைக்கு அல்ல.