வேண்டாம், ஒரு சுற்றுக்கு

வியாழன் இரவு ஏழே காலுக்கு
பீல் நகரத்தில் ஓர் உணவகத்தின் மாடி.
பதினான்கு மேசை, யாரும் வாய் திறக்கக் கூடாது.
பெட்டியிலிருந்து அட்டை உருவி வைக்க வேண்டும்:
பச்சை என்றால் பாஸ்,
சிவப்பு என்றால் டபுள்,
மற்றதெல்லாம் ஓர் எண்ணும் ஒரு சின்னமும்.
ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற ஆற்றுக்கே
ஜெர்மனில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர்.
தண்ணீர் குழம்புவதில்லை.

எனக்கு ஆட்டம் சொல்லித்தந்தது ஹாரோ.
பகலெல்லாம் பல் பிடுங்கி
இரவில் சர்ச் ஹாலில் பழகிய கணக்கு:
துருப்பில்லா ஒன்று என்றால் பன்னிரண்டு புள்ளி,
மிஞ்சினால் பதினான்கு.
ஒடில் ரொபேர்-தீசோவுக்கு அது பதினைந்தில்தான் தொடங்கும்.
முதல் கையிலேயே என் ஏழ்மைக்கு
மூன்று புள்ளி கடன் கொடுத்துவிட்டு
மேலே மேலே கேட்டுக்கொண்டு போனாள்.
கடன் திரும்பவில்லை.

ஆறாவது போர்டில்
அவள் இஸ்பேட் ஒன்று.
ஏகர்ட்டர், முகத்தில் ஒன்றுமில்லாமல், டைமண்ட் இரண்டு.
என் கையில் டைமண்ட் ராஜா, குலாம், பத்து, ஒன்பது,
சந்து முனையில் அரிவாளோடு நிற்பது போல் நாலு பேர்.
சிவப்பை எடுத்து மெத்தென்று வைத்தேன்.
ஹாரோவில் அதற்கு அர்த்தம்:
இவரை இங்கேயே விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.
ஒடிலுக்கு அதற்கு அர்த்தம்:
என்னிடம் நாலு ஆட்டின் இருக்கிறது,
வாய்விட்டுச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.
அவள் மகிழ்ந்து ஆட்டின் நாலுக்குத் தாவினாள்.
அடேயப்பா, எத்தனை ஆட்டின் வைத்திருக்கிறாள் என்று
நானும் மகிழ்ந்து பச்சை வைத்தேன்.

டம்மியாகச் சீட்டைப் பரப்பியபோது
ஆட்டின் வரிசையில் ஒரே ஒரு மூன்று.
எங்கள் துருப்பு ஐந்து, அவர்களிடம் எட்டு.
"மெர்சி, பார்ட்னர்" என்றாள்.
டம்மி இறங்கினால் சொல்ல வேண்டிய மரியாதை அது.
நன்றி அதில் துளியும் இருக்காது,
கிளாவர் இரண்டு என்று கேட்பவர் கையில்
கிளாவர் இருக்க வேண்டியதில்லை என்பது போல.

பேசித் தீர்க்க, ஞாயிற்றுக்கிழமை
மலையேறும் கம்பிவட ரயிலில் எவிலார் போனேன்,
காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல்.
மேசையில் வெட்டாத அக்ரூட் டார்ட்.
"ஒரு துண்டு?"
"ஐயோ வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்."

எங்கள் முறையில் அந்த வேண்டாம் ஒரு சுற்றுக்குத்தான்.
கேட்டவர் இன்னொரு தரம் கேட்டே ஆக வேண்டும்.
இரண்டாவது மறுப்பு பலவீனமானது.
மூன்றாவது தரம் துண்டு தட்டில் விழுந்துவிடும்,
அப்போது கையால் தட்டை மறைத்தால்
இன்னொன்று வை என்று பொருள்.

ஒடில் தலையசைத்தாள்.
டார்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
ஃபிரிட்ஜ் திறந்து மூடுகிற சத்தம்.

இரண்டு மணி நேரம்
கட்டம் போட்ட தாளில் ஒப்பந்தம் எழுதினோம்.
என் பன்னிரண்டை அவள் சிரித்தாள்,
அவள் பதினைந்தை நான் பெருமூச்சு விட்டேன்.
கிளம்பும்போது வாசலில், பழக்க தோஷம்,
"வருகிறேன்" என்றேன் பிரெஞ்சில்.
கதவைப் பிடித்தபடி கேட்டாள்: "எங்கே?"

அதற்குப் பிறகுதான் சொன்னேன்,
போகிறவன் வருகிறேன் என்பதை,
பசித்தவன் வேண்டாம் என்பதை,
பசித்தவன் நான் என்பதையும்.
ஒடில் வெகுநேரம் என்னைப் பார்த்தாள்,
ஒன்பது புள்ளி ஒளித்துவைத்திருந்தவனைப் பார்ப்பது போல.
பிறகு தாளின் அடியில், 'மற்றவை' என்ற வரியில்,
பென்சிலால் எழுதினாள்:
டார்ட். முதல் மறுப்பை நம்பாதே.
டபுள் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

போன வியாழன், இடைவேளையில்
காபி வேண்டுமா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேன். நிஜமாகவே வேண்டாம்.
மறுபடியும் கேட்டாள், தாளில் இருந்தபடி.
மூன்றாவது தரம் கேட்கும்போது
பெருமையாகக் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

குடித்தேன்.
விடியற்காலை மூன்று மணிவரை தூக்கமில்லை.