புளிப்பில்லாதது

சனிக்கிழமை சாயங்காலம் மாவு பிசைகிறேன்.
மைதா இரண்டு ஆழாக்கு, உப்பு ஒரு சிட்டிகை.
எண்ணெய் கூடாது, ஈஸ்ட் கூடவே கூடாது.
விளிம்பு வெடிக்காமல் தேய வேண்டுமென்றால்
தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கணும்.
இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

எங்கள் சபை காவேரிப்பட்டணத்தில்,
மாங்கூழ் ஆலைக்குப் பின்னால், தகரக் கூரை.
ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்பது பேர்,
மாம்பழ சீசனில் இருபது.
சிலுவை கிடையாது, மணி கிடையாது,
கரண்ட் போனால்தான் மெழுகுவர்த்தி.
எலத்தகிரிக்காரர்களுக்குத் திருவருட்சாதனங்கள் ஏழு.
நாங்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டவர்கள்:
தண்ணீர் ஒன்று, அப்பம் ஒன்று.
தண்ணீருக்கு அணைக்குப் போவோம்.
அப்பத்துக்கு என் அடுப்பு.

கல்யாணமா?
அது அந்தக் கணக்கில் வராது.
தாலி கட்டாத சபையில்
கழுத்து எப்படி இறுகும் என்று கேட்காதீர்கள்.

என் முதல் கல்யாணம் அந்தத் தகரத்தின் கீழ்தான்.
வெள்ளைச் சேலை, மோதிரம் இல்லை,
காதோட்டை பாதி தூர்ந்திருந்தது.
மூப்பர் கேட்டார். ஆம் என்றேன்.
செல்வின் என்னைவிடச் சத்தமாக ஆம் என்றான்.
ஆறாம் வருஷம் ஓசூருக்கு வேலைக்குப் போனவன்
போனுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனான்.
இப்போது அத்திப்பள்ளியில் இருக்கிறானாம்,
இரண்டு பிள்ளைகளாம்,
பெரியவளுக்கு என் அம்மா பேராம்.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு.
பிறகு நான்கு வருஷம் கழித்து
பால்வண்டி ஓட்டுகிற யாபேஸும் நானும்
ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம்.
பேனா எழுதவில்லை.
கிளார்க் தன் பேனாவைக் கொடுத்து
மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மூப்பர் சற்குருதாஸ் வீட்டுக்கு வந்தார்.
கெட்ட மனிதர் இல்லை.
என் அப்பா சாகக்கிடந்தபோது
மூன்று ராத்திரி முழித்திருந்தவர்.
பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து சொன்னார்:
அவன் உயிரோடு இருக்கும்வரை நீ அவன் மனைவி.
அவன் கண்மூடினால் சபை உன் விஷயத்தை
வேறு விதமாகப் பார்க்கும்.
அதுவரை அப்பத்திலும் பாத்திரத்திலும் உனக்குப் பங்கில்லை.

அப்படியென்றால் நான் என்னவென்று ஜெபிக்க, என்று கேட்டேன்.

மூப்பர் எழுந்து செருப்பைத் தேடினார்.
அது அவர் காலடியில்தான் கிடந்தது.

அடுத்த வாரம் பெர்சிஸ் அக்கா அப்பம் சுட்டார்.
ஓடு மாதிரி இருந்ததாம்.
மூப்பர் பிட்கப் போக ஒரு துண்டு தெறித்து
ஹார்மோனியத்துக்குள் விழுந்ததாம்.
அதற்கடுத்த வாரம் ஒரு குழந்தைக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.
மூன்றாம் சனிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு,
பின்வாசலில் பெர்சிஸ் அக்கா,
கையில் காலி டப்பா.

மூப்பர் அனுப்பினாரா?

அனுப்பவில்லை என்று சொல்லச் சொன்னார்.

ஒன்றரை வருஷம் ஆகிறது.
ஜன்னலோரம் கடைசி நாற்காலி எனக்கு.
தட்டு வரிசை வரிசையாக வந்து
என் மடிக்கு மேலே, படாமல், கடந்துபோகும்.
பெர்சிஸ் அக்கா அப்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.
மூப்பர் பிட்கிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்,
இந்த வாரம் பதம் சரியா இல்லையா என்று.
அந்த நேரத்தில் எனக்கு வரவேண்டியது துக்கம்.
வருவது என்னவோ
சுட்டவளின் கர்வம்தான்.
அதற்கும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

யாபேஸ் உள்ளே வருவதில்லை.
வெளியே வேப்பமரத்தடியில் வண்டியில் உட்கார்ந்து
பால்கணக்கு எழுதுகிறான்.

ஓரம் வெடித்ததைத் தட்டில் வைக்கக்கூடாது.
அதை நாங்கள் சனிக்கிழமை ராத்திரியே
அடுப்படியில் நின்றபடி பிய்த்துத் தின்கிறோம்.
இதற்குப் பேர் எதுவும் இல்லை.
நான் வைக்கவும் மாட்டேன்.
இரண்டு என்றால் இரண்டுதான்,
நானும் அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்தவள்தானே.

ஆனால் முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்று வெடிக்கும்.
இப்போது வாரம் ஒன்று.
தண்ணீரில் சூடு பத்தவில்லையோ என்னவோ.

யாபேஸ் ஊறுகாய் கேட்கிறான்.