பட்டியலில் இல்லாதவை

வழக்கறிஞர் பெர்க்மானிஸ் பட்டியல் போட வந்தது
நவம்பரில்.
கார் இங்குனாவுக்கு. வீடு எனக்கு.
தையல் இயந்திரம், ஏழு போர்வை,
ஊறுகாய் ஜாடிகளில் சரிபாதி.
ஒற்றைப் பனிச்சறுக்குப் பலகை யாருடையதென்று
அரைமணி நேரம் வாதாடினோம்.
சன்னலுக்கு வெளியே தோட்டம்
தீய்ந்த தோசைக்கல் நிறத்தில் கிடந்தது.
அதற்கடியில் நூற்றுப்பத்து கிழங்குகள் இருப்பதை
அவளும் நானும்
மூச்சு விடவில்லை.

செப்டம்பர் கடைசியில் நட்டவை.
கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று பங்கு ஆழம்.
அளப்பதற்கென்று ஒரு மரக்கரண்டியில்
கத்தியால் கோடு கீறியிருந்தாள்.
அப்போதே பேச்சு நின்றுபோயிருந்தது.
அவள் குழி பறிக்க
நான் மணல் தூவ
கூர்முனை மேலே, வேர்ப்பக்கம் கீழே.
வாய் தேவைப்படாத வேலை.
துலிப் என்றால் எலிக்கு விருந்து,
நார்சிசஸ் நஞ்சு.
அதனால் சுற்றிலும் நார்சிசஸை
வேலிபோல் வைத்தாள்.

பிறகு வால்மியெராவில்
கதவைத் திறக்க மண்வெட்டி வேண்டியிருந்த மாதங்கள்.
குளிர் படாத கிழங்கு தண்டு நீட்டாது.
தெரியும்.
தெரிந்தும் இரண்டு இரவு
பழைய போர்வையோடு வாசல்வரை போய்த் திரும்பினேன்.

மே மாதம் பூத்தது.
படம் எடுத்தேன். அனுப்பவில்லை.

ஜூன் முடிவில் தொலைபேசி.
ஏழு மாதத்துக்குப் பின் அவள் கேட்ட முதல் கேள்வி:
"இலை பழுத்துவிட்டதா?"

முன்னாள் என் காரில் வந்தாள்.
கையில் கவைமுள், தோளில் பழைய காலுறைகள்,
பர்ஸில் சந்தைக்காரன் கொடுத்த ரசீது.
"காசு கொடுத்தது நான்," என்றாள்.
சரி, தோண்டு என்றேன்.

முதல் குழியில் வந்தது
வெங்காயச் சருகுபோல் ஒரு கூடு.
உள்ளே ஒன்றுமில்லை.
"நீ வாங்கியது இதுதான்.
அத்தனையையும் பூவுக்குக் கொடுத்துவிட்டது."
பக்கத்தில் ஒட்டிக்கொண்டு
புதிதாய் ஒரு கிழங்கு, செம்பழுப்பு,
அதன் இடுப்பில் இரண்டு பொடிசு.
"இதுகள் என் வீட்டில் பிறந்தவை."

இங்குனா ரசீதைப் பார்த்தாள்,
சருகைப் பார்த்தாள்.
மண் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.
பெர்க்மானிஸ் இருந்திருந்தால்
மணிக்கணக்குக்குக் கட்டணம் கேட்டிருப்பார்.

நார்சிசஸைக் கிளறவில்லை.
துலிப்பை மட்டும் ஆளுக்கொன்றாய் எடுத்துவைத்தோம்.
காலுறைக்குள் போட்டு முடிச்சு, போட்டு முடிச்சு.
ஒன்று மிஞ்சியது, முள் குத்திய கிழங்கு.
"காயம்பட்டதைச் சேர்த்து வைத்தால்
பக்கத்தில் இருப்பதும் அழுகும்," என்றாள்.
சொன்ன பிறகு
இரண்டு பேருமே கொஞ்சம் நேரம்
வேறெங்கோ பார்த்தோம்.

என் பங்கு கொட்டகை உத்தரத்தில் தொங்கியது.
வாரம் ஒருமுறை விரலால் அமுக்கிப் பார்த்தேன்.
மெத்தென்றிருந்தவை நான்கு.
எறிந்தேன்.

போன வாரம் ரீகாவிலிருந்து மறுபடி அவள்.
ஐந்தாம் மாடி, பால்கனி, தொட்டியில் நடப்போகிறாளாம்.
"அந்தக் கரண்டி உன்னிடம்தானே?
கோடு எத்தனை சென்டிமீட்டர்?"

கரண்டியும் பட்டியலில் இல்லை.
அளந்து சொன்னேன். பதினைந்து.
"என் தொட்டி அவ்வளவு ஆழம் இல்லையே."
வேறு தொட்டி வாங்கு என்றேன்.
"ஐந்து மாடி யார் தூக்குவது?"

லிஃப்ட் இல்லையா என்று கேட்டேன்.
இருக்கிறதாம்.
பழுதாம்.