சார்ஜர்

மேலப்பாளையம் சந்தை நாள்.
ஆட்டு வாடைக்கு நடுவே
மீரான் கடையில் ஒரு சார்ஜர் வாங்கினேன்,
பிட்காயினில்.

அனுப்பியாச்சு என்றேன்.
வரலியேவே என்றான்.
முன்பின் அறியாத எந்திரங்கள் எங்கேயோ
நூற்றிருபது ரூபாய்க்குச் சாட்சி சொல்லணும், பொறு.

இரண்டு டீ. ஒரு கரண்டு கட்.
அவன் தங்கச்சி கல்யாணக் கடனை
வட்டியோடு கேட்டு முடித்தபோது
டிங் என்றது.

"யாரு கையெழுத்து போட்ட ரூவா இது?"
யாருமில்ல. வெறும் கணக்கு.
"தொலைஞ்சா யார்ட்ட போய் நிக்க?"
நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

சாவிச் சொற்கள் பன்னிரண்டையும்
பீடி லேபிளின் பின்பக்கம் எழுதி வைத்தான்.
கடைக்கு வெள்ளையடித்த அன்று
லேபிள் குப்பையோடு போனது.
போனை அதற்கு முன்பே விற்றிருந்தான்.

அந்தத் துணுக்குக்கு இன்று
செகண்ட்ஹேண்ட் ஆட்டோ ஒன்று வரும்.
ராத்திரியில் எடுத்துப் பார்ப்பேன்:
அவன் முகவரியில் அப்படியே கிடக்கிறது,
உலகமே பார்க்க,
ஒருத்தரும் தொட முடியாமல்.

ஆட்டோ பற்றி அவன் பேசியதே இல்லை.
"சார்ஜர் ஓடுதாவே?" என்பான்.
ஓடுகிறது. வயரில் மஞ்சள் டேப்.

மனசு கேட்காமல் ஒரு தடவை
இல்லையென்று பொய் சொன்னேன்.
புதுசு ஒன்றை உருவி நீட்டினான்:
"கேரண்டி உண்டும்லா."